சோப்பு டப்பா லண்டன்லேருந்து வரல

உக்காருங்க டீச்சர். அந்த நாற்காலி வேணாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் காத்து வருதா? ஃபாதர் போன்ல சொன்னாரு, "பாட்டி, நம்ம கோயிலோட நூறாவது வருஷத்து மலருக்காக டீச்சர் வருவாங்க, அந்த டப்பாவ ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க, அஞ்சு நிமிஷம்"னு. அஞ்சு நிமிஷத்துல போட்டோ எடுக்கலாம். ஆனா போட்டோவுக்குக் கீழ நீங்க போட்டிருக்கிற எழுத்த மாத்தணும். அதுக்கு அஞ்சு நிமிஷம் பத்தாது.

எம்மவ ப்ரூஃப் காட்டினா. நாப்பத்தாறாம் பக்கம். "நம் பங்கின் முதல் கித்தார் இசைக்குழுவை நடத்திய அமரர் தியோடர் அவர்கள் லண்டனிலிருந்து தருவித்துப் பயன்படுத்திய ஒலிக்கருவி." கண்ணாடிய தொடச்சு மூணு தடவ படிச்சேன். எங்க வீட்டுக்காரரு போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அவரு சொன்ன பொய்யி மட்டும் நல்லா திடமா இருக்குது.

லண்டனும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. நான் பண்ணது டீச்சர். இதே பெரம்பூர்ல, இதே வீட்டுல, அதோ அந்த ஜன்னலுக்குக் கீழ உக்காந்து, ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு வந்து, என் கையால பண்ணது. வெள்ளிக்கிழம அச்சுக்குப் போவுதாமே. அதுக்குள்ள மாத்திடுங்க. "மதலேன் மேரி செய்தது." அவ்வளவு தான் போடணும். நான் வேற ஒண்ணும் கேக்கல.

நீங்க கித்தார் வாசிப்பீங்களா? இல்லியா. சரி, சொல்றேன். கித்தார்லேருந்து வர்ற வயர இதுல இந்தப் பக்கம் சொருவணும். அந்தப் பக்கத்துலேருந்து ஸ்பீக்கருக்குப் போவும். காலால இந்த சுவிட்ச அமுக்கினா, அதுவரைக்கும் மணி மாதிரி வந்த சத்தம், தொண்ட கட்டினவன் அழுற மாதிரி கரகரன்னு இழுக்கும். ஃபஸ்ஸுன்னு சொல்லுவாங்க. நாங்க கரகர டப்பான்னு தான் சொல்லுவோம்.

எங்க வீட்டுக்காரரு ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரு. அவரும் இன்னும் மூணு பேரும் சேந்து 'சில்வர் சிக்னல்ஸ்'னு பேண்டு வெச்சிருந்தாங்க. நாலு பேரும் ரயில்வே, அதான் சிக்னலு. சில்வரு எதுக்குன்னா சட்ட. அந்தச் சட்டைய தொவைக்கறது இருக்குதே டீச்சர், ஜிகினா எல்லாம் கையோட வந்துடும், சோத்துல கூட மின்னும். சரி, அத விடுங்க. பேண்டுல ட்ரம்ஸ் அடிக்கிற லெஸ்லி வீட்டுல இவரு ஒரு வெளிநாட்டு ரெக்கார்டு கேட்டுட்டு வந்தாரு. அதுல கித்தாரு கரகரன்னுதாம். அன்னிலேருந்து பைத்தியம் புடிச்சிக்கிச்சு. எனக்கும் அந்தச் சத்தம் வேணும், எனக்கும் அந்தச் சத்தம் வேணும்னு. யாரோ சொன்னான்னு, வீட்டுல இருந்த ரேடியோவோட ஸ்பீக்கர் பேப்பர பிளேடால கிழிச்சுட்டாரு.

எங்கப்பா கல்யாணத்துக்குக் குடுத்த ரேடியோ டீச்சர். சாயங்காலம் போட்டேன், செய்தி வாசிக்கிறவருக்கு ஜலதோஷம் புடிச்ச மாதிரி வருது. இவரு கண்ண மூடிக்கிட்டு, "ஆங், இதான், கிட்டத்தட்ட இதான்"னு நிக்கிறாரு. அடுத்த வாரம் எங்கப்பா வந்தாரு. "ரேடியோவுக்கு என்னம்மா ஆச்சு"ன்னாரு. "மழைல நனைஞ்சுடுச்சுப்பா"ன்னேன். பங்குனி மாசம் அது. எங்கப்பா மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. அவருக்காக அன்னிக்கே நான் பொய் சொன்னேன் பாருங்க.

நான் அப்ப கிண்டில ஒரு ரேடியோ கம்பெனில வேல. பேரு வேணாம், இப்ப அது இல்ல. நீள மேச, ரெண்டு பக்கமும் பொம்பளைங்க, ஆளுக்கு ஒரு சால்டரிங் கம்பி. ஆளுக்கு ஒரு கலரு. அது எதுக்குன்னா, ஒவ்வொரு சால்டர் வெச்சதும் தீக்குச்சியால ஒரு பொட்டு பெயிண்ட் வெக்கணும். நாளைக்கு செட்டு ரிப்பேர்னு திரும்பி வந்தா, யாரு வெச்ச சால்டர் விட்டுப்போச்சுன்னு பொட்ட பாத்து கண்டுபுடிச்சுடுவாங்க. எனக்கு செவப்பு. லைன்ல நான் தான் சீனியரு, செவப்ப எனக்குத் தான் குடுத்தாங்க. ஒருத்திக்கு மஞ்ச, ஒருத்திக்கு நீலம், டெஸ்டிங் மேசைல இருந்த கன்னியம்மாவுக்குப் பச்ச. என் செவப்பு வெச்ச செட்டு ஒண்ணு கூட திரும்பி வந்தது இல்ல டீச்சர். எத்தன வீட்டுல என் செவப்பு பாடிச்சோ.

இந்த டப்பாவுலயும் வெச்சேன். யாரும் வெக்கச் சொல்லல. கை தானா போச்சு. அதான் சொல்றேன், தொறந்து பாருங்க, சாட்சி உள்ளயே இருக்குது.

கன்னியம்மா யாருன்னா கேக்கறீங்க? சொன்னேனே, டெஸ்டிங் மேச. வியாசர்பாடிக்காரி. நல்ல கருப்பு, நல்ல சிரிப்பு. மத்தியானம் சாப்பிடறப்ப என் பக்கத்துல தான் உக்காருவா. அவ கொண்டாற நெத்திலி வறுவலுக்கு லைனே திரும்பிப் பாக்கும். ரேடியோ கிழிஞ்ச கதைய அவகிட்ட சொல்லி அழுதேன். அவ சோத்த மென்னுக்கினே சிரிக்கிறா. "இன்னாத்துக்கு மதலேன் பேப்பர கிழிக்கணும்? நாம கழிச்சுப் போட்ட செட்டு அல்லாம் அப்டித்தான கத்துது. லீக்கு டிரான்சிஸ்டர் ரெண்டு இருந்தா போதும்"ங்கறா.

ஏதோ வாய்க்கு வந்தத சொன்னா. சொல்றது யாரு வேணா சொல்லலாம். செய்யணும் இல்ல?

டிரான்சிஸ்டர்னா இத்துனூண்டு, மூணு காலு இருக்கும், வெள்ளித் தொப்பி போட்ட மாதிரி. நல்லது செட்டுக்குப் போவும். கரண்டு ஒழுவறத லீக்குன்னுவோம், அத ஒரு தகர டப்பால போட்டு வெச்சு, வருஷத்துக்கு ஒரு தடவ எண்ணி, சுத்தியால நசுக்கிப் போட்டுடுவாங்க. குப்ப தான டீச்சர். நசுக்கப் போற குப்ப. நான் ரெண்டு ரெண்டா எடுத்து கொண்டையில சொருவிக்கிட்டு வந்தேன். எனக்கு அப்ப முடி இம்மாந்தண்டி. வாசல்ல பைய சோதிப்பாங்க, கொண்டைய யாரு சோதிப்பா.

எத எடுக்கணும்னு கன்னியம்மா தான் பொறுக்கிக் குடுத்தா. அதுக்கு ஒரு வழி வெச்சிருந்தா. மீட்டர்ல மாட்டிட்டு டிரான்சிஸ்டர ரெண்டு விரலால புடிப்பா. விரல் சூட்டுக்கே முள்ளு ஏறும். ஏறிக்கிட்டே போனா ரொம்ப லீக்கு, ஆவாது. டப்பாவுக்குள்ள ரெண்டு இடம், கொஞ்சம் ஏறி நின்னா அது ரெண்டாவது இடத்துக்கு. ஏறவே யோசிச்சா அது மொத இடத்துக்கு. "கை பட்டா காட்டிக் குடுத்துடும் மதலேன், இதுங்களுக்கு ரகசியமே தெரியாது"ன்னுவா. முப்பது நாப்பது பாத்து ஒரு ஜோடி தேறும். பொறுக்கிக் குடுத்தா, அவ்வளவு தான். கத்திரிக்கா பொறுக்கிக் குடுத்தவளையா கொழம்பு வெச்சவன்னு சொல்லுவாங்க?

ஞாயித்துக்கிழம மத்தியானம் இங்க வருவா. சும்மா பக்கத்துல உக்காந்திருப்பா. நான் சால்டர் வெப்பேன். அந்த டிரான்சிஸ்டருக்கு சூடு ஆவாது, காலு வழியா சூடு ஏறினா செத்துடும். என் ஹேர்கிளிப்ப எடுத்துக் கால்ல மாட்டிட்டு அப்புறம் தான் வெப்பேன். அது என் யோசன. அத எழுதிக்குங்க, ஹேர்கிளிப்பு.

மொதல்ல ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பால போட்டோம். இவரு கித்தார மாட்டி கால வெச்சு அமுக்கினாரு. கித்தார்லேருந்து ஒரு ஆளு, "நெல்லுக்கு யூரியா இடும்போது கவனிக்க வேண்டியது"ங்கறான். எங்க மாமியாரு உள்ளேருந்து வந்து சிலுவ போட்டுக்கிட்டாங்க. வேற ஒண்ணும் இல்ல, வயரு எல்லாம் ஏரியல் மாதிரி ரேடியோவ இழுத்துடுச்சு. இரும்போ அலுமினியமோ சுத்தி இருந்தா இழுக்காது. அடுத்த ஞாயிறு கன்னியம்மா அவ வீட்டு அலுமினிய சோப்பு டப்பாவ கொண்டாந்தா. கழுவிக் கூட கொண்டாரல, லைஃபு பூரா அதுல வாசன இருந்துது. இதான் அது, மோந்து பாருங்க. இப்ப இருக்காது. டப்பா அவளுது தான், அதுக்கென்ன. டப்பாலயா சத்தம் வருது?

டிசம்பர்ல ஜம்முனு ஆச்சு. கிறிஸ்மஸ் விழாவுல வாசிச்சாரு. ஜனங்க எழுந்து நின்னுட்டாங்க. பழைய ஃபாதர் காத பொத்திக்கிட்டு சிரிச்சாரு. அவரு நல்லவரு, கோலார்க்காரரு, நாய்க்கு பிஸ்கட் போட்டே சம்பளம் தீந்துடும். நான் பின்னாடி பெஞ்சுல இருந்தேன். அந்தச் சத்தம் வந்தப்ப எனக்கு முதுகுத்தண்டுல ஏதோ ஓடிச்சு. நான் வெச்ச சால்டர் வழியா தான அது ஓடி வருது. இவரு மேடைலேருந்து என்ன ஒரு தடவ பாத்தாரு. அந்த ஒரு பார்வ போதும்னு இருந்தேன், முட்டாளு.

அப்பால மே மாசம் வந்துது. லெஸ்லி தங்கச்சி கல்யாணம், தெறந்த வெளில பந்தலு, ரெண்டு மணி வெயிலு. இவரு கால அமுக்கறாரு, தவள விக்கல் எடுக்கற மாதிரி ரெண்டு சத்தம் வருது, அடங்கிடுது. சூடு. அந்த டிரான்சிஸ்டருக்கு விரல் சூடே ஆவாது, மெட்ராஸ் வெயிலு ஆவுமா. இவரு வீட்டுக்கு வந்து, "பொம்பள பண்ணத நம்பி மேடை ஏறினேன் பாரு"ன்னாரு.

கன்னியம்மா சொன்னா, "பானைக்கு ஈரத்துணி சுத்தற மாரி சுத்து." சுத்தினோம். வேல செஞ்சுது. அந்த சீசன் பூரா ஒவ்வொரு கல்யாணத்துலயும் நனைஞ்ச சாக்கு மேல டப்பா, ஈரத்துணி மேல அவரு காலு. வெறுங்காலு. ஆடி மாசம் பாத்தா வலது காலு விரலிடுக்குல சேத்துப்புண்ணு. வயக்காட்டுல எறங்கினவனுக்கு வர்ற புண்ணு, பெரம்பூர்ல கித்தார் வாசிக்கிறவனுக்கு. நான் தான் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வெச்சேன். அதெல்லாம் மலர்ல போடுவீங்களா? போட மாட்டீங்க.

அப்புறம் தான் இந்த ஓட்ட. பாருங்க, பக்கவாட்டுல சின்னதா, ஸ்க்ரூ டிரைவர் நுழையற அளவுக்கு. உள்ள ஒரு திருகு இருக்குது. வெயிலு ஏறினா இந்தப் பக்கம் கொஞ்சம், குளிரு வந்தா அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கலாம். அதுக்கப்புறம் ஈரத்துணி வேணாம், புண்ணு வேணாம், மே மாசமும் டிசம்பர் மாதிரி பாடிச்சு. இதப் பாக்கத் தான் தாம்பரத்துலேருந்து எல்லாம் ஆளு வந்தான். அன்னிக்கு எனக்குக் கைல கொப்புளம், பிள்ளைக்கு வேற அம்மை. கன்னியம்மா அந்தத் திருக வெச்சு... நாங்க வெச்சோம். நான் தான் எடம் காட்டினேன். என் வீடு, என் கம்பி, என் ஈயம்.

விஷயத்துக்கு வர்றேன். செப்டம்பர்ல நம்ம பங்குத் திருவிழா. வாசிச்சு முடிச்சுட்டு மேடைக்குப் பின்னாடி நிக்கிறாங்க. நான் கேக்கு தட்ட வெச்சுக்கிட்டு நிக்கிறேன். வேற பேண்டு ஆளு ஒருத்தன், பெரிய மீசை, டப்பாவ தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, "எங்க மாஸ்டர் புடிச்சீங்க"ங்கறான். எங்க வீட்டுக்காரரு என்னப் பாக்கல. தட்டுலேருந்து ஒரு துண்டு கேக்க எடுத்து வாயில போட்டுக்கிட்டு சொல்றாரு, "லண்டன். அத்த மவன் அனுப்பினான்."

அவருக்கு அத்தையே இல்ல டீச்சர்.

நான் அந்தத் தட்ட புடிச்சபடியே நின்னேன். மீசக்காரன் என்னப் பாத்து, "இன்னொரு துண்டு கெடைக்குமா சிஸ்டர்"ங்கறான். குடுத்தேன். வேற என்ன பண்ண.

மறுநாளு பாக்கறேன், லெஸ்லி வீட்டு பிஸ்கட் டின்னுலேருந்து 'மேட் இன் இங்கிலாண்ட்'னு இருக்கிற பேப்பர் லேபில வெட்டி மூடி மேல ஒட்டியிருக்காரு. கோணலா. எனக்குக் கோணலா இருந்தா தாங்காது, லைன்ல அப்படிப் பழக்கிட்டாங்க. பிச்சு எடுத்து, கோந்து தடவி, நேரா ஒட்டிக் குடுத்தேன். அதான் இது. அம்பது வருஷம் ஆவப் போவுது, ஒரு ஓரம் தூக்கல பாருங்க.

சண்ட போட்டேன், போடாம இல்ல. "ஏங்க, எம்பேரு சொன்னா உங்க வாயி வெந்துடுமா"ன்னேன். அவரு சொல்றாரு, "அறிவிருக்குதா மதி? இப்பத் தான ஒருத்தி வேல போச்சு. நீ பண்ணதுன்னு சொன்னா டிரான்சிஸ்டர் எங்கேருந்து வந்துதுன்னு கேப்பான். உனக்காகத் தான் சொன்னேன்." எனக்காகவாம். என் பேர அழிச்சது எனக்காகவாம். எப்படிப் பேசறாங்க பாருங்க.

அந்த ஒருத்தியா? அது கன்னியம்மா தான். ஆகஸ்ட்ல நடந்துது. அந்த வருஷம் தகர டப்பாவ எண்ணினாங்க, நூத்துச் சொச்சம் கொறைஞ்சுது. ஜோடி சேக்க சேக்க, சூட்டுல செத்ததுக்கு மாத்து போடப் போட, அம்பது போயிருக்கும், அறுவது போயிருக்கும்னு நெனச்சேன், நூத்துக்கு மேல போயிருக்குது. சூப்பர்வைசரு லைன நிறுத்திட்டு ஒவ்வொருத்தியா கேட்டாரு. எங்கிட்ட வந்து, "நீங்க சீனியர்மா. கழிச்ச டப்பா யாரு பொறுப்பு"ன்னாரு. "கன்னியம்மா"ன்னேன். அவ தான பொறுப்பு. "அவ எடுத்தத பாத்தீங்களா"ன்னாரு. "பாக்கல"ன்னேன். அதுவும் நெசம் தான டீச்சர், அவ எங்க எடுத்தா? நான் ஒரு வார்த்த பொய் சொல்லல. வேணும்னா ஃபாதர்கிட்டயே கேளுங்க, அப்பவே பாவசங்கீர்த்தனத்துல விசாரிச்சுட்டேன், கோலார் ஃபாதருகிட்ட. அவரு ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. வயசாயிடுச்சு இல்ல, தூங்கிட்டாரோ என்னவோ.

கன்னியம்மா ஏப்ரன கழட்டி மடிச்சு வெச்சா. போறப்ப என் கொண்டையப் பாத்தா. முகத்த பாக்கல, கொண்டைய. அன்னிக்கும் ரெண்டு இருந்துது உள்ள. எனக்குக் கைக்குழந்த, மாமியாரு சீக்கு, நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க. அவ வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேருக்கும் போயிருக்கும். அவளுக்கு அது தெரிஞ்சுது. புத்திசாலி.

நான் அதுக்கப்புறம் இருவத்திரெண்டு வருஷம் அங்க இருந்தேன். ரிட்டையர் ஆனப்ப அதோ அந்தக் கடிகாரம் குடுத்தாங்க. ஓடாது, ஆனா பாக்க நல்லா இருக்குது இல்ல?

அவள ஒரே ஒரு தடவ பாத்தேன். அதே திருவிழாவுல தான், மறு வருஷம். கோயில் காம்பவுண்டுக்கு வெளிய மாங்கா பத்த வித்துக்கிட்டு இருந்தா. இவரு டப்பாவ வாய் தொறந்த தோள்ப் பைல போட்டுக்கிட்டு முன்னாடி போறாரு, நான் பின்னாடி. எட்டிப் பாத்து லேபில படிச்சுட்டா. அவளுக்கு இங்கிலீஷு படிக்கத் தெரியும்னு எனக்குத் தெரியாது. "இன்னா மதலேன், நம்ம டப்பா கப்பல்லயா வந்துச்சு"ன்னு சிரிக்கிறா. நம்ம டப்பாவாம். சுத்தி பங்கு ஜனம், பீடப் பிள்ளைங்க, சிஸ்டருங்க. நான், "அப்புறமா பேசலாம்"னு வந்துட்டேன். ஒரு பொட்டலம் மாங்காய கைல திணிச்சா, மொளகாப்பொடி தூக்கலா போட்டு, எனக்குப் புடிச்ச மாதிரி. அப்புறம் பேசவே இல்ல. வியாசர்பாடி இங்கேருந்து ஒரு பஸ்ஸு. போவணும்னு தான் இருந்தேன்.

நான் எங்க வீட்டுக்காரர சொல்லிக்கிட்டு இருந்தேன். கடைசி காலத்துல அவருக்கே லண்டன்னு ஆயிப்போச்சு டீச்சர். ஆஸ்பத்திரில நர்ஸு பிள்ளைகிட்ட, "எங்க அத்த மவன் லண்டன்ல இருந்தான்"ங்கறாரு. பேரு கூட வெச்சுட்டாரு அந்த மவனுக்கு, எட்வின்னு. நான் பக்கத்துல ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்கேன். அந்த எட்வினுக்கு இருந்த மரியாத எனக்கு இல்ல. சாவறதுக்கு மொத நாளாவது, "மதி, அது நீ பண்ணது"ன்னு ஒரு வார்த்த சொல்லுவாருன்னு பாத்தேன். யாரும் கேக்க வேணாம், எனக்கு மட்டும் சொன்னா போதும். சொல்லல. கூடவே ஒருத்தி உழைச்சிருக்கா, அவ பேர முழுங்கிட்டு எப்படித் தான் ஒரு மனுஷனுக்குச் சோறு எறங்குதோ. எனக்கு அது மட்டும் புரியல.

சரி, போட்டோ எடுங்க. லேபிலு இருக்கிற மூடி வேணாம், உள்ள எடுங்க. இருங்க, தொறக்கறேன். இந்த ஆணி கொஞ்சம் துரு புடிச்சிருக்குது. ஆங். பாருங்க. இதோ செவப்பு. இதோ. இதோ இன்னொண்ணு. இது கூட. கலரு மங்கவே இல்ல பாத்தீங்களா? இத எவன் லண்டன்னு சொல்லுவான்.

எது? அந்த ஓட்டைக்குப் பக்கத்துலயா? திருகுகிட்ட... அந்த மூணுமா.

அது களிம்பு டீச்சர். செம்புக் கம்பி இல்ல, நாளானா பச்ச புடிக்கும். அம்பது வருஷத்து ஈரம், ஈரத்துணி வேற சுத்தினோம் இல்ல. ரவுண்டா தான் இருக்குது. களிம்பு ரவுண்டா வராதா என்ன.

நகத்தால சொரண்டாதீங்க, கம்பி விட்டுடும். வேணாம், விடுங்க. போட்டோல அது விழுந்தா அசிங்கமா இருக்கும், அழுக்க தொடைக்காம குடுத்தான்னுவாங்க. நான் கட்ட விரல இப்படி வெச்சுப் புடிச்சுக்கிறேன். இப்ப தெரியல இல்ல? செவப்பு மட்டும் தெரியுதா?

கை பட்டா ஒண்ணும் ஆவாது டீச்சர். உள்ள பேட்டரி இல்ல. கத்தாது. எடுங்க.